கணக்குக் காட்டாதவர்

குடவோலை என்றால் பானையும், அதில் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவனும்தான் நம் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது.

அது எல்லோருக்குமான ஜனநாயகம் அல்ல. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர்களுக்கு மட்டுமே அங்கே இடம். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமையை 1950இல் நம் அரசியலமைப்புதான் தந்தது. கணக்குக் கேட்கும் பழக்கம்தான் நமக்கு இன்னும் வரவில்லை.

கிராம சபையில் வரவு செலவை வாசிக்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றி வந்துவிடுகிறது. வருகிற அக்டோபர் 2 அன்று, கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள்.