மெதுவாய்ப் பாடும் உரிமை

தெலுக் பங்லிமா காராங்கில் இரவு பத்து மணிக்கு மேல்தான் லாரிகளின் இரைச்சல் ஒருவாறு அடங்கும். சென்ற வாரம் அத்தகைய ஓர் இரவில் என் பேரன் கைப்பேசியோடு அருகில் வந்தமர்ந்தான். "தாத்தா, இது பதினைந்து நிமிடப் பாட்டு. பொறுமையாகக் கேட்பீர்களா?" என்றான். கேட்டேன். பின்னர் எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தை அன்பர்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

அப்பாட்டு, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின இசைவாணர் 1968இல் பதிவு செய்த 'வூடு சைல்'. முதலில் மின்கிட்டார் தனியே முனகுகிறது. பின்பு குரல் எழுந்து, அதன் அடிச்சுவட்டிலேயே நடக்கிறது. விரல் நரம்பை வளைக்க, சுரம் தாவாமல் வழுக்கிச் செல்கிறது. ஆர்கன் ஒலி புகைபோல் பரவுகிறது. முரசு அவசரமே அறியாது. சூழ்ந்திருப்போரின் பேச்சும் இடையிடையே கேட்கிறது. கேட்பவன் மயங்குகிறான், ஆயினும் அது கள்ளின் மயக்கமன்று, நினைவு தெளியத் தெளிய வரும் மயக்கம்.

இந்த சங்கீதத்தின் வேர் எங்கே? மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டங்களில்! ஹென்ட்ரிக்ஸ் இப்பாட்டில் பின்பற்றிய மட்டி வாட்டர்ஸ், ஸ்டோவல் தோட்டத்தில் உழைத்தவர். ஆலன் லோமாக்ஸ் என்பார் 1941 ஆகஸ்டில் அங்கேயே சென்று அவர் குரலைப் பதிவு செய்தார். அதே 1941இல்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னிற்க, நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? கள்ளுக்கடை மூடப்படவேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டிறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். படை வந்தது, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தோட்டத்தில் காலம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. விடியுமுன் பிரட்டு, வெயில் ஏறுமுன் எண்ணி முடிக்கவேண்டிய பால்மரங்கள். என் தாயாரின் வாழ்நாள் முழுவதும் இவ்வாறே பிறரால் அளக்கப்பட்டது.

என் தகப்பனார் இறந்த அன்று, லயத்து வாசலில் அவர் ஒப்பாரி எடுத்தார். ஓர் அடி பாடுவார், நிறுத்துவார், அடுத்த அடி வர ஒரு யுகம் ஆகும். அந்த இடைவெளியைச் சூழ்ந்திருந்த பெண்களின் விம்மல் நிரப்பும். எனக்கோ இருபது வயது. சீர்திருத்த நூல்கள் நான்கைந்து படித்திருந்தேன். "நிறுத்தம்மா! இது மூட வழக்கம், படித்தவர்கள் நகைப்பார்கள்" என்றேன். நிறுத்திவிட்டார். அதன்பின் அவர் பாடி நான் கேட்டதேயில்லை.

சடங்கு வேண்டாம் என்னும் என் கொள்கை இன்றும் மாறவில்லை. ஆனால், சடங்கை ஒழிக்கப் புறப்பட்டவன் பாட்டின் கழுத்தையன்றோ நெரித்தேன்! மெதுவாய்ப் பாடுவது சோர்வு என்று எண்ணியிருந்தேன். அது உரிமை என்பதை அந்தப் பதினைந்து நிமிடம் உணர்த்திற்று. துரையும் கங்காணியும் அளக்கமுடியாத ஒரு பொழுது அவருக்கு இருந்தது; அதைப் பறித்தவன் பெற்ற மகன்.

"கொள்ளுப் பாட்டியின் பாட்டு எப்படி இருக்கும்?" என்று பேரன் கேட்டான். சொற்கள் நினைவில் இல்லை. இராகத்தை மட்டும் முனகினேன். அவன் பதிவு செய்துகொண்டான்.

அன்பர்களே! உங்கள் இல்லத்தில் பாடத் தெரிந்த முதியவள் ஒருத்தி இருப்பாளாயின், அவளருகில் சென்று அமருங்கள். அவளை அவசரப்படுத்தாதீர்கள்.