மகன் கட்டிய விமானம்

மலருக்குக் கட்டுரையொன்று தரவேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டபோது, எனக்கென்ன இலக்கியம் தெரியும் என்று முதலில் மறுத்தேன். இந்தப் பெங்களூரில் விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் பணிமனையொன்றில் முப்பத்தோராண்டு எண்ணெய்க் கறையோடு காலங்கழித்தவன் நான். "அந்த எண்ணெயைப் பற்றித்தான் எழுதுங்களேன்" என்றார். அவர் வாக்கு பலிக்கட்டும். எண்ணெயைப் பற்றியே எழுதுகிறேன்.

என் மகன் அமெரிக்காவில் டென்வர் நகருக்கு அருகில் வசிக்கிறான். அந்நாட்டில் ஒருவர் தமக்கென விமானம் கட்டிக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. வேலையின் பெரும்பகுதியைக் கற்கும் ஆர்வத்தாலோ பொழுதுபோக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும் என்பது விதி. என் மகன் ஏழாண்டுக் காலம், வேலை முடிந்து வந்த இரவுகளில், கார் நிறுத்தும் கொட்டகையில் அலுமினியத் தகடுகளுக்கு ரிவெட் அடித்து, இருவர் அமரும் சிறு விமானமொன்றை உருவாக்கியிருந்தான். 2023ஆம் ஆண்டுக் கோடையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது ஆறு மணி நேரமே பறந்திருந்தது. குறித்த எல்லைக்குள் 40 மணி நேரம் சோதனையாகப் பறந்து முடித்த பிறகே பயணியை ஏற்றலாம். முதற்பயணி அம்மாதான் என்று அவன் சொல்லியிருந்தான்.

ஆனால் எண்ணெய் சுட்டது. அவர்கள் கணக்கு பாரன்ஹீட். நம் வசதிக்குச் செல்சியசில் சொல்கிறேன். அவ்வகை எஞ்சினில் எண்ணெய் 118 டிகிரியைத் தாண்டலாகாது. 80க்கும் 95க்கும் இடையில் நின்றால் மனம் நிம்மதியாக இருக்கும். இவனுடையது மேலேறும்போதெல்லாம் 115ஐத் தொட்டது. அளவுக்கு மீறிச் சுட்ட எண்ணெய் நீர்த்துப்போகும். சுழல்தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே நிற்கும் மெல்லிய படலம் அறுந்துவிடும். உள்ளதோ ஒரே எஞ்சின். அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அவன் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது; அவன் பறக்கப் போன நாட்களில் கார் திரும்பும் ஓசை கேட்கும்வரை வாசற்படியை விட்டு அகலமாட்டாள், அவ்வளவுதான்.

மகன் பெரிய ஆயில் கூலர் ஒன்று வாங்கி வைத்துவிட்டான். எஞ்சின் மூடியின் அடிப்பக்கத்தை வெட்டிக் காற்று வெளியேறும் வழியை அகலப்படுத்தவும் எண்ணியிருந்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில். "அப்படிச் செய்தால் எது நோய், எது மருந்து என்று கடைசிவரை தெரியாதே, தம்பி" என்றேன். "நீங்கள் பார்த்த எஞ்சின்கள் வேறு, அப்பா" என்றான். பணிமனையில் வேறு யாரேனும் இப்படிச் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். அன்று மௌனமாக இருந்துவிட்டேன்.

மறுநாள் அவனே, "சரி, எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டான். முதலில் மானி உண்மை பேசுகிறதா என்று பார்ப்போம் என்றேன். வீட்டில் ரசம் வைக்கும் பாத்திரத்தை விமானக் கொட்டகைக்கு எடுத்துச் சென்று (அதன்பின் அது சமையலறைக்குத் திரும்பவில்லை), கொதிநீரில் சென்சாரைத் தொங்கவிட்டோம். மானி 95 காட்டியது. மகன் முகம் வெளிறிவிட்டது. "ஐந்து டிகிரி குறைத்துக் காட்டுகிறது, அப்பா! அப்படியானால் மேலே உண்மையில் 120 ஆகியிருக்கிறது!"

எனக்கோ சிரிப்பு வந்தது. வந்த முதல் வாரமே அவன் அம்மா, "இந்த ஊரில் தண்ணீர் கொதிக்கிறது, பருப்பு மட்டும் வேகமாட்டேன் என்கிறது" என்று குறைப்பட்டிருந்தாள். டென்வர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1600 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 920 மீட்டர் உயரத்து நம் பெங்களூரிலேகூட 97தான். மானி சரியாகவே இருந்தது.

அதே நீரில் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வையும் இட்டுப் பார்த்தோம். எண்ணெய் குளிர்ந்திருக்கையில் கூலருக்குப் போகாமல் குறுக்கு வழியே செல்லவிடுவதும், 85 டிகிரியை நெருங்கியதும் நீண்டு அவ்வழியை அடைப்பதும் அதன் வேலை. ஒழுங்காக நீண்டது; அது அமரும் விளிம்பிலும் வட்டத் தடம் முழுமையாகவே பதிந்திருந்தது. அதன்மீதும் குற்றமில்லை.

எஞ்சியது காற்று. முன்புறத் துளைகள் வழியே நுழையும் காற்று எஞ்சினுக்கு மேலே அழுத்தத்துடன் தேங்கி, சிலிண்டர்களின் இடுக்குகள் வழியாகவும் கூலரின் வழியாகவுமே கீழிறங்க வேண்டும். சுற்றிலும் தடுப்புத் தகடுகள், அவற்றின் ஓரத்தில் ரப்பர்ப் பட்டைகள். பகலில் எவ்வளவு உற்று நோக்கியும் ஒரு குறையும் புலப்படவில்லை.

அப்போது என் தாத்தா நினைவுக்கு வந்தார். தஞ்சைப் பக்கத்தில் எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த வீடு. ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு நாள், உச்சி வெயிலில் கதவு சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, இருண்ட கூடத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்ப்பார். வெளிச்சப் புள்ளி தெரியுமிடமெல்லாம் கம்பால் தட்டிக் காட்டுவார். கூரைமேல் இருக்கும் ஆள் அந்த ஓட்டை மாற்றுவான்.

அன்றிரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, மூடியைப் பூட்டி, கொட்டகை விளக்குகளை அணைக்கச் சொன்னேன். முன்புறத் துளையில் கண்ணை வைத்தவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வானத்தில் நட்சத்திரம் போல இருக்கிறதப்பா" என்றான். கூலரும் தகடும் சேருமிடத்தில் நீளமாய் ஒரு கீற்று. இடப்பக்கப் பின் மூலையில் ரப்பர்ப் பட்டை வெளிப்புறமாக மடிந்து விரலளவு இடைவெளி. உள்நோக்கி வளைந்திருந்தால் காற்றின் அழுத்தமே அதை மூடியோடு ஒட்டவைத்திருக்கும். அந்த மூலையைச் செய்த வாரம் மகளுக்குக் காய்ச்சலாக இருந்தது என்று தானாகவே சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சிலிகோன் பசையால் கீற்றை அடைத்து, புதிய பட்டை வெட்டிப் பொருத்த இரண்டு மாலைகள் பிடித்தன. அடுத்த முறை மேலேறியபோது 104. இருபது மணி நேரம் கடந்து, புது எஞ்சினின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து படிந்த பின் 98. பெரிய கூலர் பெட்டி பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பியது.

சோதனை 27 மணி நேரத்தை எட்டியபோது நாங்கள் தங்குவதற்கான கெடு முடிந்துவிட்டது. அவன் அம்மா ஏறாமலே ஊர் திரும்பினோம். இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் பறந்திறங்கியதும் அந்த மானியைப் படமெடுத்து அனுப்புகிறான். எனக்கு முன் அவள்தான் பார்க்கிறாள். சென்ற வாரம், "போன வாரம் 91, இன்றைக்கு 93 என்கிறதே?" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். அங்கே வெயில் காலம் தொடங்கிவிட்டது என்று சொன்னேன்.