கிளை குறைந்த மாவுச்சத்து

மணிலாவுக்குத் தெற்கே, மக்கிலிங் மலையடிவாரத்தில் இருக்கிறது லாஸ் பான்யோஸ். 1960-இல் இங்கே தொடங்கப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம்தான் ஐ.ஆர். 8 நெல்லைத் தந்தது. வயல்களைக் கடந்து, அரிசியின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன்.

மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் சம்பா மசூரி. ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாகி, நம் உழவர்கள் பிபிடி 5204 என்று விதைக்கும் அதே சன்ன ரகம். மணிகளில் வெளிச்சம் ஊடுருவுகிறது. மற்றதில் ஐ.ஆர். 36 நெல்லின் பிறழ்வு வகை. மணிகள் வெளுத்து மங்கிக் கிடக்கின்றன.

அரைத்த மாவுகளில் ஆய்வாளர் அயோடின் விட்டார். இரண்டாவது மாவு கருநீலமாக மாறியது. அமைலோஸ் மிகுதி என்பதன் அடையாளம் அது. மாவுச்சத்தில் கிளைவிட்ட அமைலோபெக்டினும், பெரும்பாலும் நேராக நீளும் அமைலோஸும் உண்டு. கிளைகளை உண்டாக்கும் நொதிகளில் ஒன்று இந்தப் பிறழ்வு வகையில் முடங்கிவிட்டது. அதனால் நீண்ட சங்கிலிகள் பெருகுகின்றன. வெந்து ஆறும்போது அவை நெருங்கி இறுகுவதால் செரிமானம் மெதுவாகிறது. ரத்தத்தில் சர்க்கரையும் மெல்ல ஏறுகிறது.

சம்பா மசூரியையும் இந்தப் பிறழ்வு வகையையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த நெல் வரிசைகளில் தேடி, இரண்டாம் குரோமோசோமில் இருக்கும் அந்த நொதியின் மரபணுவை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். கிரிஸ்பர் முறையில் அதே மரபணுவைத் திருத்திய நெல்லிலும், உணவு ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் குறியீடு குறைந்தது. இந்த முடிவுகள் 2024-இல் வெளியாயின. சில வரிசைகளில் புரதம் 14 சதவீதத்தைத் தாண்டியது. வழக்கமான அரிசியில் இருப்பதுபோல் ஏறத்தாழ இரு மடங்கு.

பிறழ்வு வகையின் சோற்றையும் தொட்டுப் பார்த்தேன். ஆறியதும் விறைத்துவிடுகிறது. செரிமானத்தைத் தாமதப்படுத்தும் அதே சங்கிலிகள்தான் சோற்றையும் கெட்டியாக்குகின்றன. மாவுச்சத்தின் உருவாக்கத்தில் கைவைத்தால் மணியின் எடையும் குறையக்கூடும். மெதுவாகச் செரிக்கும் குணத்தைச் சம்பா மசூரியின் மென்மையோடும் விளைச்சலோடும் இணைப்பதுதான் இங்கே நடக்கும் கடினமான வேலை.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. சோற்றைக் குறைக்கச் சொல்வது எளிது. மூன்று வேளையும் சோற்றையே நம்பி உழைப்பவருக்கு வேறு உணவு வாங்கப் பணம் வேண்டுமே. ஒட்டுச் சேர்த்துப் பிறந்தாலும், இந்த வரிசைகள் ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்க வேண்டிய கலப்பின விதைகள் அல்ல. விளைச்சலிலிருந்தே மறுபோகத்துக்கு விதை எடுத்து வைக்கலாம். வேறு உணவு வாங்க முடியாதவருக்காக இந்த அரிசி போய்ச் சேர வேண்டிய இடம் ரேஷன் கடை. அங்கே வந்தால்தான் இந்த ஆராய்ச்சிக்குப் பொருள் உண்டு.