கை நடுங்கினால் என்ன?

வாழ்த்து அட்டைகளில் இரண்டு வகை உண்டு. காசு கொடுத்து வாங்குவது ஒன்று. கையால் செய்வது மற்றொன்று. இப்போது மூன்றாவது வகை ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குக் காசும் வேண்டாம், கையும் வேண்டாம். ஒருவர் அனுப்பியதை அப்படியே இன்னொருவர் பக்கம் தள்ளிவிட வேண்டியதுதான். பொங்கலன்று காலையில் கைப்பேசியைத் திறந்தால் ஒரே பானை இருபத்தேழு தடவை பொங்கி வழிகிறது. அது யார் வீட்டுப் பானை என்று அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது!

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை, வாசகர்களே! சொல்லப்போனால் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்பதே அவகாசம் இல்லாத ஒரு மனிதரின் யுக்தியில் பிறந்ததுதான். 1843-ஆம் வருஷம் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரம் இல்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரைப் பிடித்து ஒரு படம் வரைந்து வாங்கினார். சுமார் ஆயிரம் பிரதிகள் அச்சடித்தார்கள். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அச்சு இயந்திரம் கோடுகளை மட்டுமே கொடுத்தது, வர்ணத்தைக் கையால்தான் தீட்டினார்கள். ஆகவே உலகத்தின் முதல் கிறிஸ்துமஸ் அட்டையே பாதி அச்சு, பாதி கைவேலை. நான் சொல்லப்போகும் அட்டையும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த தொண்ணூறுகளில், மார்கழி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் பொங்கல் வாழ்த்துகளைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிடுவார்கள். கரும்பு, காளை, லக்ஷ்மி, சினிமா நட்சத்திரம் எல்லாரும் சமரசமாகப் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அவற்றை வாங்கும் வழக்கம் இல்லை. காரணம், என் தாயார் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். முப்பது வருஷ காலம் மாணவிகளுக்கு மயிலும் மாம்பழமும் வரையக் கற்றுக் கொடுத்தவர், கடையில் காசு கொடுத்து மயில் வாங்குவாரா? ஒவ்வொரு பொங்கலுக்கும் இருபத்தைந்து அட்டைகள் தம் கையாலேயே வரைவார். பழைய மாணவிகளுக்குச் சில, உடன் வேலை பார்த்த ஆசிரியைகளுக்குச் சில, உறவினர்களுக்குச் சில.

நான்கு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு வலது கையில் நடுக்கம் கண்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார்; நடுக்கம் குறைந்தது, போகவில்லை. முதலில் வாசல் கோலம் நின்றது. "ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிடலாமே, அம்மா" என்று என் தங்கை சொன்னதற்கு, "ஸ்டிக்கரில் எறும்புக்கு மாவு ஏது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்தபடியாக வாழ்த்து அட்டை நின்றது. மூன்று பொங்கல்கள் வர்ணப் பெட்டி பரணில் கிடந்தது. யாராவது விசாரித்தால், "நம் ஊர்ப் பொம்மைக்குத் தலை ஆடினால் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எனக்குக் கை ஆடினால் மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

பத்திரிகை வேலையாகக் கைத்தொழில் செய்யும் சிலரைச் சந்தித்தபோது, ரப்பர் அச்சையும் ஏர்பிரஷ்ஷையும் கொண்டு அட்டை செய்வதைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஒன்று தோன்றிற்று. இந்த வேலையில் கோடு போடுவது அச்சு. ஓரத்தைக் காப்பது மறைப்புத் தாள். வர்ணம் வருவதோ வெறும் மூடுபனி. நேர்க்கோடு இழுக்கும் வேலை கைக்கு எங்கேயும் இல்லை!

செய்முறையைச் சொல்கிறேன். முதலில் தடித்த அட்டையில் பானை அச்சை ஒற்ற வேண்டும். மை நீரில் கரையாத ரகமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தெளிக்கும் வர்ணத்தில் கோடு கலங்கிப் போகும். அதே அச்சை ஒரு மெல்லிய தாளிலும் ஒற்றி, ஓரத்தோடு ஒட்டிக் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஒரே வெட்டில் இரண்டு சாமான் கிடைக்கும்: பானை வடிவத் தாள் ஒன்று, பானை வடிவத் துளையுள்ள தாள் ஒன்று. முதல் தாளால் பானையை மூடிவிட்டுச் சுற்றிலும் வர்ணம் தெளித்தால், பானை வெள்ளையாக நிற்க, பின்னால் வானம் விடியும். பிறகு துளையுள்ள தாளை வைத்துத் தெளித்தால், வானம் அப்படியே இருக்க, பானை மட்டும் நிறம் பெறும். காற்றில் தாள் பறக்காமல் ஓரங்களில் ஐந்து ரூபாய் நாணயங்களை வைத்தால் போதும்.

ஏர்பிரஷ் என்பது பேனா அளவுக் கருவி. உள்ளே மெல்லிய ஊசி ஒன்று. மேலே வர்ணம் ஊற்ற ஒரு சின்னக் கிண்ணம். பின்னால் காற்று வரும் குழாய். விசையை அழுத்தினால் காற்று வரும். பின்னால் இழுத்தால் ஊசி விலகி வர்ணம் வரும். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு இருந்தால் போதும். வர்ணம் பால் பதத்தில் இருக்கவேண்டும். நாலைந்து அங்குல தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்தவேண்டும். கிட்டே பிடித்தால் வர்ணம் தேங்கிச் சிலந்திக்கால் மாதிரி ஓடும். முதலில் மஞ்சள், காய்ந்தபின் ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு என்று மெலிதாக அடுக்கவேண்டும். அவசரப்படுகிறவர்களுக்குச் சூரியன் உதிப்பதில்லை! ஜன்னலைத் திறந்து வைத்து, மூக்கைத் துணியால் மூடிக்கொள்வதும் அவசியம்.

இந்தக் கருவியின் பூர்வீகம் அமெரிக்கா. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர் 1879-ல் முதல் வடிவத்தைச் செய்தார். 1893-ல் சார்லஸ் பர்டிக் திருத்தமான வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். நெடுங்காலம் புகைப்படங்களைச் செப்பனிட இது பயன்பட்டது. ஆனால் யோசனை மட்டும் அவர்களுடையதல்ல. இந்தோனேஷியாவில் சுலவேசி தீவின் குகையொன்றில் ஆதிமனிதன் பாறையில் கையை வைத்து, சுற்றிலும் செம்மண் வர்ணத்தைத் தெளித்திருக்கிறான். கை மறைத்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. அதன் வயது குறைந்தது 39,900 வருஷம் என்று 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "இந்தக் கை நடுங்கிற்றா, இல்லையா என்று இப்போது யாருக்குத் தெரியும்?" என்றார். அன்று மாலையே பரணிலிருந்து வர்ணப் பெட்டி இறங்கியது.

ரப்பர் அச்சை ஒற்றுவதில் சிரமமே இருக்கவில்லை. மரக்கட்டையில் பொருத்திய அச்சின்மேல் உள்ளங்கையை வைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றி அழுத்தினார். பானை பிசிறில்லாமல் விழுந்தது. ஏர்பிரஷ் பிடித்தபோது கை ஆடியது உண்மை. ஆட்டமும் பனியோடு பனியாகக் கலந்து போயிற்று. மறைப்புத் தாளைத் தூக்கியதும், கத்தியால் வெட்டியது போல ஓரம் நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த அட்டையை எடுத்து வைக்கும்படி விரலால் காட்டினார். பழைய டிராயிங் டீச்சர் திரும்பிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. இரண்டாம் நாளே, "ஏண்டா, நாணயத்தை நேராக வைக்கத் தெரியாதா?" என்று அதட்டல் ஆரம்பமாகிவிட்டது!

இருபத்தைந்து அட்டைகளும் தயாரான பிறகு கையெழுத்துப் பிரச்னை வந்தது. அம்மாவின் பெயரையும் ரப்பர் அச்சாகச் செய்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை.

"படம் அச்சாக இருக்கலாம். பெயர் நான்தான் போடுவேன்."

"கோணலாக வருமே, அம்மா?"

"வரட்டுமே. எனக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே அவர்கள் காத்திருக்கிறார்கள்?"

ஒவ்வொரு அட்டையிலும் சூரியன் திருத்தமாக இருந்தது. பெயர் ஆற்றில் விழுந்த நிழல் மாதிரி நெளிந்தது. தபாலில் சேர்த்தோம். தை மாதம் முடிவதற்குள் பதினோரு பதில்கள் வந்தன. நாகப்பட்டினத்திலிருந்து வந்தது ஒன்று. அம்மாவுடன் வேலை பார்த்த விளையாட்டு ஆசிரியை அனுப்பியது. படுக்கையோடு இருக்கிறவர். பேரனைவிட்டு எழுதச் சொல்லி, அடியில் தாமே கையெழுத்துப் போட்டிருந்தார். அதுவும் கோணல்தான். இரண்டு கையெழுத்துகளும் ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அம்மா அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார்.

ஏர்பிரஷ் வாங்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அது இல்லையே என்று தயங்கவேண்டாம், வாசகர்களே! பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வர்ணத்தில் தோய்த்து, உதறிவிட்டு, சீப்பின்மேல் தேய்த்தால் அதுவே ஏழையின் ஏர்பிரஷ். அச்சுக்கும் கறிகாய்க் கூடையே போதும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து மூலைப் பூ. வாழை மட்டையை நறுக்கினால் தேன்கூட்டுப் பிறை. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, வேண்டிய உருவத்தை விட்டுச் சுற்றிலும் செதுக்கலாம். எழுத்துச் செதுக்குவதானால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் கை நடுங்கும் பெரியவர் யாராவது இருந்தால், வெண்டைக்காயை முதலில் அவரிடம் கொடுங்கள். "உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அட்டை தயாரானதும் படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தட்டும். பெயரை அவரே போடட்டும். தபால்காரர் இன்னும் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். மின்சார வாரியக் கடிதத்தையும் பாங்கிக் கடிதத்தையும் சுமந்து அலுத்துப்போன அவருக்கும் ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி இருக்கும்.