பெரும்பாறை: பார்க்க ஓர் அருவி, குளிக்க வேறோர் அருவி

அறுவடை முடிந்து பிள்ளைகளுக்கும் லீவு விட்டதும், ஒரு நாளாவது குடும்பத்தோடு அருவிக்குப் போய்வர வேண்டும் என்று தோன்றும். திண்டுக்கல், தேனி மாவட்டக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாறை. கீழ்ப்பழனி மலையில், சித்தரேவிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் பாதையில் உள்ள ஊர் இது.

அடிவாரத்துப் புளியமரங்கள் முடிந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் காற்று மாறிவிடும். இருபுறமும் நிழல் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி, இடையிடையே மலைவாழை. தரையெல்லாம் சருகு மூடிக் கிடக்கும். பெய்யும் மழை அந்தச் சருகிலும் மண்ணிலும் ஊறி, மெல்ல ஓடைக்கு வருகிறது. அதனால்தான் மழை ஓய்ந்த பிறகும் ஓடையில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது.

அந்த ஓடைகள் சேர்ந்து விழும் இடம்தான் புல்லாவெளி அருவி. இந்தத் தண்ணீர் குடகனாற்றில் இறங்கி, ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகிறது. திண்டுக்கல் நகரத்தின் குடிநீரும், கீழே பல கண்மாய்களின் பாசனமும் இதை நம்பித்தான். எனவே இங்கே சோப்பு, ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டிக் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது.

ஆனால் புல்லாவெளி பார்ப்பதற்கு மட்டுமே, குளிப்பதற்கு அல்ல. தண்ணீர் பாறை விளிம்பிலிருந்து நேரே ஆழப் பள்ளத்தில் விழுகிறது. பாறையில் பாசி படர்ந்திருக்கும். 2022 ஆகஸ்டில் ஒரு வாலிபர் விளிம்பில் நின்று படம் எடுக்கும்போது வழுக்கி விழுந்தார். சில நாள் தேடிய பிறகே உடல் கிடைத்தது. தள்ளி நின்று, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுத் திரும்புவதே நல்லது.

பிள்ளைகள் குளிக்க ஆசைப்பட்டால் கீழிறங்கி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் போங்கள். அங்கிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில் கும்பக்கரை அருவி. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் தண்ணீர் பாறையில் சறுக்கி இறங்குகிறது. வனத்துறை கட்டணம் வாங்கிக்கொண்டு குளிக்க விடுகிறது. வெள்ளம் வந்தால் தடை போட்டுவிடும். அங்கும் யானை கெஜம், பாம்பு கெஜம் என்று பெயர் பெற்ற ஆழமான குழிகள் உண்டு. அனுமதித்த இடத்தைத் தாண்டக் கூடாது.

குளிக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது - இதில் ஒன்றைக் கண்டாலும் செருப்பு, துணி எதையும் தேடாமல் உடனே கரையேறிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். சாயங்காலம் இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுங்கள். பாதையில் காட்டெருமை, யானை நடமாட்டம் உண்டு.

விவசாயிகளுக்கு இன்னொரு சொல். திரும்பும்போது மலைவாழைப் பழம் தாராளமாக வாங்கி வாருங்கள். விருப்பாட்சி, சிறுமலை வாழைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பக்கக்கன்றை மட்டும் ஆசைப்பட்டுப் பிடுங்கி வர வேண்டாம். பழனி மலையில் தோட்டம் தோட்டமாக வாழையை அழித்த முடிக்கொத்து நோய் கன்றோடு பயணம் செய்யும். அசுவினிப் பூச்சி அதை அடுத்தடுத்த மரத்துக்குப் பரப்பும். நோய் வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. வேரோடு தோண்டி அழிப்பதுதான் வழி. கன்று தேவை என்றால் பெரும்பாறைக்கு அருகே தடியன்குடிசையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்து, நோயற்ற கன்றாக வாங்குங்கள்.