எங்கே வலிக்கிறது?

உடல் பற்றிக் கவிதை எழுதுகிறவள் நான். முலை என்றும் கருப்பை என்றும் எழுதக் கூசாத எனக்கு, மலத்தில் ரத்தம் போகிறது என்று மருத்துவரிடம் சொல்ல இரண்டு வருடம் ஆனது. அதுவரை எல்லோரிடமும் 'வயிற்றுவலி' என்றேன். ஒரு பெண்ணுக்கு ரத்தம் போனால் வீடு அதை மாதவிலக்குக் கணக்கில் எழுதிவிடுகிறது. நானும் திருத்தவில்லை.

முப்பத்தெட்டு வயதில் நோயின் பெயர் தெரிந்தது: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நோய். புண் அங்கே, விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையோ உடம்பெல்லாம் சுற்றியது. தூக்கம் போனது, முகம் உருண்டது. "என்ன மேடம், முகம் பூரிச்சுப் போச்சே, ஏதும் விசேஷமா?" என்றார்கள் ஆசிரியர் அறையில். இரவில் எனிமா. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால், மருந்து உள்ளே தங்குவதற்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டும்.

அந்த நாட்களில்தான் ஹைட்ரோஜெல் பற்றிப் படித்தேன். நீரைத் தன் வலைக்குள் பிடித்துவைத்திருக்கும் கூழ் அது. பாஸ்டன் பகுதி ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சியிலிருந்து பெறப்படும் அஸ்கார்பைல் பால்மிடேட்டைக் கொண்டு அதைச் செய்திருந்தார்கள். அழற்சி கண்ட குடல் சுவரில் நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்கள் சேர்கின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட இந்தக் கூழ் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. நலமாயிருக்கும் இடத்தில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அழற்சியில் பெருகும் நொதிகளே கூழைச் சிதைத்து, உள்ளிருக்கும் டெக்சாமெதசோனை வெளிவிடுகின்றன. எனிமாவாகச் செலுத்தியபோது எலிகளில் அழற்சி குறைந்தது. ரத்தத்தில் கலந்த மருந்தும் குறைவு.

என் மருந்துச்சீட்டில் அது இல்லை. ஆனாலும் பொறாமையாக இருந்தது. யாரும் வாய்திறந்து சொல்லாமலே புண் இருக்குமிடம் அதற்குத் தெரிகிறது.

ஆனால் எந்தக் கூழையும் உள்ளே செலுத்துவதற்கு முன், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தி சொல்லியாக வேண்டும். அதை எந்த ஆய்வகமும் நமக்காகச் செய்யாது.

போன மாதம் ஒரு மாணவி விடுப்புக் கேட்டு வந்தாள். அந்தப் பருவத்தில் ஐந்தாவது முறை. "வயித்துவலி மேடம்." எங்கே என்று கேட்டேன். தலைகுனிந்தாள்.

"எனக்கு மலத்துல ரத்தம் போகும்மா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.