நின்று குடிக்கும் காபி

ஸ்ரீரங்கத்தில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு வயதில்தான் போய் நிற்கும். கோயிலுக்கு இத்தனை நூற்றாண்டு, மதிலுக்கு இத்தனை, அந்த மண்டபத்துக்கு இத்தனை. இப்படிப்பட்ட ஊரில் காபிக் கடைக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் தன் பங்குக்குப் பலகையில் ‘பாரம்பரியச் சுவை’ என்று எழுதிவைத்துக்கொள்கிறார். படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. தெற்கு வாசலில் 236 அடிக்கு எழும்பி நிற்கிற ராஜகோபுரம் நூற்றாண்டுக் கணக்காக மொட்டையாகவே கிடந்து 1987-ல்தான் முழுமை பெற்றது. பக்கத்துத் திருவானைக்காவலில் நெய் ரோஸ்ட்டுக்குப் பேர்போன பார்த்தசாரதி விலாஸோ 1943-லேயே அடுப்பு மூட்டியாகிவிட்டது. அந்தக் கணக்கில் ஓட்டல்தான் மூத்தது.

காபிக்குத்தான் வயது கம்மி. நம் வீடுகளுக்குள் அது சரளமாகப் புழங்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அது வந்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் ருசியாகவே எழுதியிருக்கிறார். காலையில் பழையதும் நீராகாரமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்களில் இந்தக் கறுப்புத் தண்ணீர் நுழைந்தபோது வசவு கொஞ்சமா நஞ்சமா? இரண்டு தலைமுறை போனதும் நிலைமை தலைகீழ். ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று சொல்லும் உத்தர வீதி மாமிகள் சிலர் காபியை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆசாரத்துக்குள் இவ்வளவு சீக்கிரம் இடம்பிடித்த அன்னியப் பண்டம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

‘திருச்சிக் காபி’ என்று தனியாக ஒன்று உண்டா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். சோழ நாட்டு வண்டலில் காபிச் செடி வளராது. பக்கத்தில் என்றால் கொல்லிமலை, அதைத் தாண்டினால் ஏற்காடு. பெரும்பாலான கொட்டை கர்நாடகத்திலிருந்து வருகிறது. இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் அங்கேதான் விளைகிறது, மாவட்டங்களில் குடகுக்குத்தான் முதலிடம். உச்சிப்பிள்ளையார் கோயில் மேல்படியில் மூச்சு வாங்க நின்று வடக்கே பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். கீழே காவிரி, அப்பால் கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்பும் கோபுரமுமாக ஸ்ரீரங்கம். அந்தக் காவிரி புறப்படுவதும் அதே குடகில், தலைக்காவிரியில். கம்பரசம்பேட்டையில் எடுத்து நம் குழாய்க்கு வருகிற தண்ணீரும், டப்பாவில் இருக்கிற தூளும் ஒரே மலைக்காரர்கள். ஒன்று ஆற்றோடு வந்தது, மற்றது லாரியில். நம்மூர்க் காபியின் தனித்தன்மை என்று யாராவது வற்புறுத்திக் கேட்டால் நான் சொல்வது இதைத்தான், மற்றதெல்லாம் ஊர்ப்பெருமை.

மலைக்கோட்டையைச் சுற்றியிருக்கிற கடைவீதிகளில் தூள் அரைத்துத் தரும் கடையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். பிளாண்டேஷன் ஏ பாதி, பீபரி பாதி என்று அளந்து போட்டுவிட்டு, ‘சிக்கரி எவ்வளவு?’ என்று நிமிர்ந்து பார்ப்பார் கடைக்காரர். அங்கேதான் ஜனங்கள் இரண்டு கட்சி. சிக்கரி கலந்தால் காபியே இல்லை என்று ஒரு கட்சி. சட்டம் அவ்வளவு கடுமை காட்டவில்லை. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். நான் இரண்டாவது கட்சி. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கம் நிறையப் பயிராகிறது. காஃபீன் அதில் கிடையாது. வறுத்து அரைத்துச் சேர்த்தால் வெந்நீரை விறுவிறுவென்று இறங்கவிடாமல் பிடித்துவைக்கும், டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கும். பால் ஏராளமாகச் சேர்க்கிற நம் காபிக்கு அந்தக் கனம் வேண்டியிருக்கிறது. பத்து, பதினைந்து சதவீதம் வரை பாதகமில்லை. அதற்கு மேல் போனால் நாக்கில் கருகல் உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கி, நல்ல காபி எங்கே என்று விசாரித்தால் பாதிப் பேர் முரளி கடை என்பார்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு கடைக்கு வழி சொல்வார்கள். நான் வழக்கமாகப் போவது வீதி திருப்பத்தில் உள்ள ஒரு சின்னக் கடைக்கு. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. பித்தளை பில்டரில் விடியற்காலையிலேயே டிகாக்‌ஷன் இறங்கிக் காத்திருக்கும். மாஸ்டர் அதை டம்ளரில் ஒரு விரற்கடை விட்டு, சர்க்கரை போட்டு, கொதி வந்து அடங்கிய பாலை உயரத்திலிருந்து இழுத்து ஊற்றுவார். பாலை மறுபடி மறுபடி காய்ச்சினால் ஆடை வாசம் வந்துவிடும் என்பதால் சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகவே காய்ச்சுகிறார். வருகிறவர்கள் பேசுவதும் கொஞ்சம்தான்: ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’, ‘சர்க்கரை கம்மி’, ‘அரைச் சர்க்கரை, நுரை வேண்டாம்’. முதல் வாயில் கசப்பு, உடனே பாலின் இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் மறுபடி கசப்பு. எட்டரை மணிக்கு மேல் போனால் இரண்டாம் டிகாக்‌ஷன் கலந்துவிடும். அதற்கு வீட்டிலேயே குடித்துவிட்டுப் படுக்கலாம்.

(நெடுஞ்சாலையோரத்தில் பளபளக்கும் செம்பு டபராவில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று தருகிறார்களே, அங்கே பாத்திரத்துக்குத்தான் காசு.)

நிற்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உட்கார்ந்து குடிக்கிற இடத்துக்கு அந்தக் காலத்தில் ‘காபி கிளப்’ என்று பெயர். நூறாண்டு தாண்டிய ஆதிகுடி காபி கிளப் இன்றும் திருச்சியில் அந்தப் பெயரைத் தாங்கி நடக்கிறது. ஆனால் அன்றைய கிளப்புகள் பலவற்றில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு ஒரு திட்டம் இருந்தது. பிராமணர்களுக்கு உள்கட்டு, மற்றவர்களுக்கு வேறிடம், சிலருக்கு வாசலோடு சரி. அன்றைய தென்னிந்திய ரயில்வேக்குத் தலைமையிடமாக இருந்தது இந்தத் திருச்சிதான். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் அதே பாகுபாடு. பெரியார் விடாமல் எதிர்த்து, 1941-ல்தான் அது ஒழிந்தது. ஓட்டல் பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணியில் அவர் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2012-ல் இதே ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைப் பலகையில் அந்தச் சொல் மறுபடி தலைகாட்டி, திராவிடர் கழகம் களத்தில் இறங்க வேண்டியிருந்தது.

ஆக, பலகையில் ‘பாரம்பரியம்’ என்று பார்த்தால் எனக்கு உடனே எழுகிற கேள்வி, எந்தப் பாரம்பரியம் என்பதுதான். பில்டரும் பாலும் என்றால் சரி, நூறு வருஷத்துக்கு நீடிக்கட்டும். என் சின்னக் கடையில் நாற்காலி இல்லாததை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுவே அதன் முதல் சிறப்பு. இடமே இல்லாத கடையில் யாருக்கு எந்த இடம் என்று பிரிப்பது எப்படி? பஞ்சகச்சமும் லுங்கியும் யூனிபாரமும் தோளோடு தோள் உரச, ஒரே திண்ணையில் டபராவை வைத்து ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாந்து உதடு படாமல் ஊற்றிக்கொள்கிறவரும் இருக்கிறார், சப்பிக் குடிக்கிறவரும் இருக்கிறார். இதை யாரும் புரட்சி என்று அறிவித்துச் செய்யவில்லை. கடைக்காரரிடம் இருந்தது எட்டடி இடம். வாடகை கட்டுபடியாக வேண்டும்.

சென்ற முறை போனபோது கையில் பேப்பர் கப் வந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சூடு கையைச் சுடும், வாய்க்கு மெழுகு நாற்றம். அதைவிட, தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகள் சிலவற்றில் இரட்டைக் குவளை பேப்பர் கப்பாக வேஷம் மாற்றிக்கொண்ட செய்திகளைப் படித்தவனுக்கு அந்தக் கப்பைச் சும்மா பார்க்க முடிவதில்லை. ஒருத்தருக்கு டம்ளர், ஒருத்தருக்குக் கப். இங்கே அப்படியில்லை, எல்லோர் கையிலும் கப்தான். இருந்தாலும் மாஸ்டரிடம் கேட்டேன்.

“டம்ளர் என்ன ஆச்சு மாஸ்டர்?”

“டம்ளர் அப்படியே இருக்கு சார், கழுவற பையன்தான் போய்ட்டான். திருப்பூர்ல வேலையாம். நாளைக்கு முந்நூறு டம்ளர், வெந்நீர்ல கை வெந்துபோகும். யார் சார் வருவா?”

பக்கத்தில் நின்ற பெரியவர், வீட்டுக்குக் காபி வாங்கத் தூக்குப் பாத்திரத்தோடு வந்திருந்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டம்ளர்ல தான் குடிக்கணும்னா ஆத்துலேர்ந்து ஒண்ணு கொண்டு வாங்கோளேன். அலம்பறதும் நீங்களே அலம்பிக்கலாம்.”

மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே அவருடைய தூக்கை வாங்கி டிகாக்‌ஷனை ஊற்றினார்.